பின்பக்கம் கீறிய ஷூ

பனச்சமூடு சந்திப்பில் இருக்கும் ராஜதாஸின் செருப்புக் கடைக்கு மூன்று தலைமுறை வயது. பாட்டன் தொடங்கினார், அப்பா நடத்தினார், இப்போது இவன். அறுந்த வார், கழன்ற அடி, பள்ளிப் பிள்ளைகளின் பை ஜிப் என்று பகலெல்லாம் கை ஓயாது. அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சுற்றுவட்டாரக் கிறிஸ்தவச் சபைகளில் இறந்த ஆண்களுக்குக் கோட்டும் ஷூவும் போட்டுத்தான் சவப்பெட்டியில் கிடத்துவார்கள். விறைத்த காலில் ஷூ ஏறாது. பின்பக்கத்தை மேலிருந்து அடிவரை கீறிவிட்டால் ஏறிவிடும். முன்னால் நின்று அழுகிறவர்களுக்குத் தெரியாது. கீறிக் கீறி ராஜதாஸுக்கு மனசே கெட்டுப்போயிருந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக்கூடக் குதிகாலில் தொடங்கித்தான் பார்ப்பான். கல்லறைத் தோட்டத்து வழியாகப் போனால், கீறின ஷூக்கள் மண்ணுக்கடியில் சளக் சளக்கென்று கூடவே நடந்து வரும். காதைப் பொத்தினாலும் சனியன் விடாது.

சடலம் வீடு வந்து சேராமல் கத்தியை எடுக்கக் கூடாது என்பது அப்பா வைத்த விதி. போன மழைக்காலத்தில் ராஜதாஸ் அதை மீறினான். உள்ளூர்ப் பெரியவர் வேதமணி ஆசுபத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அவர் மகன் ஜெயதாஸ் அப்பாவின் கறுப்பு ஷூவோடு வந்தான்.

"அண்ணே, எப்பிடியும் இண்ணு நாளைக்குள்ள முடிஞ்சிரும். பிறவு ஓடியாட நேரம் கிட்டாது. இப்பமே கீறித் தாருங்க."

கீறிக் கொடுத்தான். வேதமணியோ பிழைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து அவரே கம்பூன்றிக் கடைக்கு வந்தார். பையிலிருந்து அந்த ஷூவை எடுத்து வைத்ததும் ராஜதாஸின் பார்வை அவர் குதிகாலுக்குப் போனது. பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டிய காலல்லவா எதிரே நிற்கிறது!

"இதத் தைக்கணும் மக்கா. எலி கடிச்சதுண்ணு வீட்டுல சொல்லுதினும்."

"எலிதான் மாமா. எலிதானாக்கும்."

"எலே, எனக்க அப்பனுக்க ஷூவ ஒனக்க அப்பன்தான் கீறித் தந்தான். நான்தான் காலுல போட்டுவிட்டேன். எனக்குத் தெரியாதா? ஆரு கொண்டு வந்தா?"

"ஜெயதாஸ்" என்றான்.

வேதமணி பெஞ்சில் உட்கார்ந்தார். கத்துவார் என்று ராஜதாஸ் காத்திருந்தான். கத்தித் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கொண்டு வந்தப்போ அவன் அழுதானா மக்கா?"

ஜெயதாஸ் அன்று பைக்கைக்கூட அணைக்கவில்லை. கீறி முடிக்கும்வரை யாரோடோ ஃபோனில் பந்தலுக்குப் பேசிக்கொண்டிருந்தான். அது ராஜதாஸின் கண்முன்னால் வந்து நின்றது.

"அழுதான் மாமா" என்றான், ஷூவைப் பார்த்தபடியே. "கண்ணு ரெண்டும் கலங்கிக் கெடந்துது."

வேதமணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்க அப்பனும் கள்ளம் சொல்லும்போ இப்பிடித்தான், தலையத் தூக்கமாட்டான்" என்றார். ராஜதாஸ் அப்போதும் தலையைத் தூக்கவில்லை.

அவர் ஷூவை அவன் பக்கம் தள்ளினார்.

"நல்லா இறுக்கித் தை. ஞாயித்துக்கிழம அவனுக்க கூட கோயிலுக்கு நடக்கணும். நான் அறிஞ்சேண்ணு அவன் அறியப்பிடாது."