தார்ப்பாய்க்குள்ள இருந்த கொத்தனார்

கொத்துறவன் கொத்தன். மரியாதைக்கு ஒரு 'ஆர்' ஒட்டுனா கொத்தனார். கல்லைக் கொத்துனவனுக்கு வந்த பேரு. இப்ப செங்கல் அடுக்கி சிமெண்டு பூசுறவுக பூராம் கொத்தனாருதான். போகட்டும். கொத்துறது ஒரு பொம்பளையா இருந்தா என்ன பேருன்னு கேளுங்க. சித்தாளு. சின்ன ஆளாம்! எனக்கு வயிறு எரியுது.

எங்க மதினி இருளாயி, அண்ணன் அழகுபாண்டிக்கு வாக்கப்பட்டு வந்துச்சு. ஒத்தக்கடை தாண்டி ரோட்டோரம் அண்ணனுக்குக் கல் பட்டறை. அம்மி, ஆட்டுக்கல், வாசப்படின்னு நல்லா ஓடுன தொழில். அவனியாபுரம் ஜல்லிக்கட்டுல மாடு வலது தோளை முட்டுனதிலருந்து அண்ணனால சுத்தியலை ஓங்க முடியல. உளியை மதினி வாங்கிக்கிருச்சு.

பொண்டாட்டி கொத்துறா, புருசன் டீ குடிக்கிறான்னு எவனாச்சும் பேசிப்புட்டா? அதுக்காக அண்ணன் பட்டறையைச் சுத்தித் தார்ப்பாய் கட்டுச்சு. உள்ள மதினி கொத்தும், மிஷினை வச்சு அறுக்கும். வெளிய அண்ணன் காலு மேல காலு போட்டு விலை பேசும். கல்லுத்தூசி எங்கிட்டுப் போகும்? அம்புட்டும் உள்ளதான். சாயங்காலம் மதினி வெளிய வந்தா புருவமெல்லாம் வெள்ளையா இருக்கும்.

இருமல் வந்துச்சு. என்ன வேலைன்னு டாக்டர் கேட்டப்ப அண்ணன் முந்திக்கிட்டு, "சித்தாளு சார், மண்ணு செமக்கும்"னு சொல்லிருச்சு. டிபின்னு மாத்திரை குடுத்தாக. அதைத் தின்னுக்கிட்டே மதினி கல்லு கொத்துச்சு. எலும்பும் தோலுமா ஆயிப்போச்சு.

கடைசியில ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டிப் படுக்க வச்சுட்டாக. எனக்குப் பொறுக்கல. வார்டுக்கு வந்த டாக்டரம்மாகிட்ட, "சித்தாளுன்னு சொன்னது பொய்யிங்க. வருசக்கணக்கா தார்ப்பாய்க்குள்ள ஒக்காந்து கல்லு கொத்துனது எங்க மதினிதான்"னு போட்டு ஒடைச்சிட்டேன்.

அவுக எக்ஸ்ரேயைத் திரும்ப எடுத்துப் பாத்தாக. மொகம் மாறிப்போச்சு. "நுரையீரல் பூராம் கல்லுத்தூசி மாதிரி இருக்கே. முதல்லயே சொல்லியிருந்தா வேலையை நிறுத்தச் சொல்லியிருப்போமே. இனி என்ன பண்றது?"ன்னு அண்ணன் பக்கம் திரும்புனாக. "உண்மையைச் சொல்லுங்க, யாரு கொத்துனது?"



மதினி மாஸ்க்கைக் கழட்டுச்சு. வேணாம் மதினின்னு கையைப் பிடிச்சேன், தட்டிவிட்டுருச்சு. இழுத்து இழுத்து மூச்சு வாங்கி, "அவருதாம்மா கொத்தனாரு... நான் சும்மா சித்தாளு"ன்னுச்சு. நர்சு ஓடியாந்து மாஸ்க்கை மாட்டுனாக.

"அடப்பாவி, இப்பவாச்சும் நான் கொத்தலன்னு சொல்லேண்ணே!" சட்டையைப் பிடிச்சு உலுக்குனேன். அண்ணன் சொவத்தையே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

மறுநாள் மத்தியானம் மதினி போயிருச்சு. கடைசியாப் பேசுன பேச்சு அதுதான்.