கால்மிதியில் கிடந்த பதில்

சபையில் சாட்சி சொல்ல யாராவது எழும்புங்கள் என்று போதகர் கேட்கும்போதெல்லாம் நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்வேன். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால்தான் எழுதித் தருகிறேன். கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சொல்ல வேண்டும். அதோடு நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டுச் சொன்னால் இது சாட்சி ஆகாது.

என் கணவர் ஞானதாஸ் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் உள்ளேயிருந்து ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவருக்கும் கேட்கும் என்று கேலி பண்ணுவார்கள். போன கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு காலையில் பல் தேய்க்கப் போனவர் கிணற்றடியில் விழுந்தார். வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. "இல்ல." சாப்பிட்டீர்களா என்றால் இல்ல. வலிக்கிறதா என்றால் இல்ல. தாகத்துக்கும் இல்ல, சிரிப்புக்கும் இல்ல.

தொடக்கத்து மாதங்களில் விடாமல் பயிற்சி கொடுத்தால் கை கால் திரும்பும், விட்டால் போனதுதான் என்று நெய்யாற்றின்கரையில் பயிற்சி தரும் பெண் சொன்னாள். எங்கள் வீடோ தள்ளி, காரோடு என்னும் ஊரில். மகள் வெளிநாட்டில் நர்சாக இருக்கிறாள். பஸ்ஸில் அவரை ஏற்ற முடியாது. எங்களிடம் பழைய சின்னக் கார் ஒன்று உண்டு. அவர்தான் என்னைக் கட்டாயப்படுத்தி ஓட்டப் படிக்க வைத்தார். ஹாரன் அடிக்கவே வெட்கப்படுகிற நான், அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வாரத்துக்கு மூன்று நாள் நெய்யாற்றின்கரைக்கு ஓட்டத் தொடங்கினேன்.

ஈஸ்டர் கழிந்து வெயில் கடுத்த நேரம். அமரவிளைப் பாலத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறி, முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவரைத் தெரிந்த ஓர் ஆட்டோக்காரர் வந்து, "எண்ணே, பெல் அடிக்காம வண்டிய நிறுத்தப் பிடாதுன்னு நீங்க சண்டை பிடிப்பியளே, இப்ப யாரு பெல் அடிச்சா?" என்று கேட்டார். அவர் "இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். எஞ்சின் ஆறினதும் ஆட்டோக்காரரே ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றித் தந்தார்.

பயிற்சி நடக்கும் இடத்தில் அவரை இறக்கும்போதுதான் பார்த்தேன். அவர் கால் வைத்திருந்த கால்மிதி ஈரமாக இருந்தது.

இதுவும் வந்துவிட்டதே என்று நினைத்தேன். காதோரம் குனிந்து, "ஒண்ணுக்கு முட்டுச்சுன்னா எனக்க கையத் தொடப் பிடாதா? நான் நிறுத்தியிருப்பேனே" என்றேன்.

"இல்ல" என்றார். "இல்ல. இல்ல."

எல்லாவற்றுக்கும் இல்ல சொல்கிறவர்தானே என்று விட்டுவிட்டேன். அவர் உட்கார்ந்திருந்த சீட்டு காய்ந்து கிடந்தது. வேட்டியும் மேலே காய்ந்தே இருந்தது. கால்மிதி மட்டும்தான் நனைந்திருந்தது. இதைக் கண்ணால் கண்டேன், ஆனால் யோசிக்கவில்லை. யாரும் பார்ப்பதற்கு முன்னால் அதைக் கழுவி எடுத்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கு அவசரமாக இருந்தது.

அடுத்த தடவையும் ஈரம். அதற்கடுத்த தடவையும். அவர் இடது காலைத் தூக்கித் தூக்கி அசைத்தார்; இறங்க அவசரப்படுகிறார் என்று நினைத்தேன். நான் டயபர் வாங்கி வந்தேன். அவர் இடது கையால் தள்ளிவிட்டார். நான் பலமாகப் பிடித்துக் கட்டிவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த முகம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அதன் பிறகும் கால்மிதி நனைந்தது; நான் சரியாகக் கட்டவில்லை என்றே நினைத்தேன்.

வண்டியும் சரியாகவில்லை. ஓடும்போதெல்லாம் தண்ணீர் குறைந்தது. உதியன்குளங்கரைப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மணியன் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூடியை மாற்றினார். ஒரு குழாயை மாற்றினார். பிறகும் முள் ஏறியது.

"வெள்ளம் குறையுது. ஆனா கீழ ஒரு சொட்டு காணல்ல. எங்க போவுதுன்னு பிடி கிட்டல்ல அக்கா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "வண்டிக்க உள்ள எங்கயாவது ஈரம் உண்டா? கால் வைக்கிற இடத்துல?"

என் கணவர் முன் சீட்டில்தான் இருந்தார். பக்கத்து வண்டியில் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் என் புருஷனை எப்படிச் சொல்வேன்?

"இல்ல" என்றேன்.

உடனே அவர் இடது கையால் தன் பக்கத்துக் கதவில் டப்டப்பென்று தட்டினார். "இல்ல, இல்ல" என்று சத்தம் போட்டார். வெட்கத்தில் கோபப்படுகிறார் என்று நினைத்து, "சும்மா இரியுங்க, நான் சொல்லல்ல" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் வெட்கப்படவில்லை. மணியன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா எஞ்சினுக்க உள்ள தான் வெள்ளம் போவுது. தொறந்து பாக்கணும். பெரிய வேலையாக்கும்" என்றார் மணியன்.

அதற்குப் பிறகு என் கணவர் பயிற்சிக்கு வர மறுத்துவிட்டார். டயபர் பொட்டலத்தைக் கண்டாலே கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வார். சில வாரம் அப்படியே போயிற்று. கொஞ்சம் நீட்ட வந்திருந்த வலது கைவிரல்கள் மறுபடியும் மடங்கத் தொடங்கின. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் காருக்காக மட்டும் ஜெபிக்கச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. விடியற்காலம் அடுப்படியில் தனியாக முழங்கால் போட்டு, "ஆண்டவரே, அந்தத் தண்ணீர் எங்கே போகிறதென்று காட்டும். இவருக்கு வந்திருக்கிற இந்த நிந்தையையும் எடுத்துப்போடும்" என்று அழுதேன். அவை இரண்டு விண்ணப்பம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

எஞ்சினைத் திறப்பதற்கு முன்னால் மணியன் ஒரு வேலை செய்தார். ரேடியேட்டரில் தண்ணீருக்குப் பதிலாகப் பச்சைக் கலர் கூலன்ட் ஊற்றினார். "இதுவரை வெறும் வெள்ளந்தானே விட்டோம், ஒண்ணும் தெரியாது. இனி எங்க பச்சை காணுதோ அங்கயாக்கும் ஓட்டை. கொஞ்சம் தூரம் ஓட்டிப் பாருங்க. முள் ஏறினா உடனே நிறுத்திரணும்" என்றார்.

அந்த ஞாயிறு, பெருங்கடவிளைக்குப் பக்கத்திலுள்ள அவருடைய குடும்பச் சபைக்குப் போனோம். கோயிலுக்கு என்றால் அவர் மறுக்கவில்லை. நானும் அன்றைக்கு டயபரை எடுக்கவில்லை. ஏனென்று தெரியாது, கை போகவில்லை. கரை போட்ட வெள்ளை வேட்டி உடுத்திவிட்டேன்.

கோயில் முற்றத்தில் கதவைத் திறந்து அவர் காலை வெளியே எடுத்து வைத்தேன். வேட்டியின் கீழ்க்கரை பச்சையாக இருந்தது. பாதம் பச்சை. கால்மிதி பச்சை.

நான் குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் கையை நீட்டினேன். சொட்டுச் சொட்டாக விரலில் விழுந்தது. சூடாக இருந்தது. அவருடைய வலது பாதத்தின் மேல் கொஞ்ச நாளாக ஒரு சிவப்புத் தடிப்பு இருந்தது. வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். உணர்ச்சியில்லாத அந்தக் காலில் அத்தனை நாளும் சுடுதண்ணீர் விழுந்திருக்கிறது. உணர்ச்சியுள்ள மற்றக் காலைத் தூக்கித் தூக்கி எனக்குக் காட்டியிருக்கிறார்.

உள்ளே முதல் பாட்டுத் தொடங்கிவிட்டது. நான் முற்றத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஆட்கள் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அது எனக்குப் பொருட்டாகத் தெரியவில்லை. "நீங்க இல்லன்னு சொன்னது நிசந்தான். நாந்தான் பொய் சொன்னேன்" என்று அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே சொன்னேன். அவர் இடது கையை என் தலையில் வைத்தார்.

மறுநாள் மணியன் பார்த்தார். "ஹீட்டராக்கும் அக்கா. குளிருக்க நாட்டுல வண்டிக்க உள்ள சூடு வேணும்லா, அதுக்கு எஞ்சினுக்க சுடுவெள்ளம் டாஷ்போர்டுக்க அடியில ஒரு சின்னப் பெட்டி வழி வந்து போவும். அந்தப் பெட்டி ஓட்டை. நம்மளுக்கு இது எதுக்கு?" என்றார். அந்தப் பெட்டிக்குப் போகும் இரண்டு குழாய்களையும் எடுத்து ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கினார். வேலை முடிந்தது. எஞ்சினைத் திறக்க வேண்டி வரவில்லை.

"நான் அன்னைக்கே கேட்டேனே. இல்லன்னு சொன்னியளே" என்றார்.

நான் உள்ளதைச் சொன்னேன். மணியன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு முன் சீட்டுக்குப் போய், "எண்ணே, அன்னைக்கு நீங்க கதவுல தட்டினப்ப நானும் கேக்கல்ல. பொறுத்துக்கணும்" என்றார்.

கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். தண்ணீர் போன இடத்தையும் காட்டினார், நிந்தையையும் எடுத்துப்போட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. என் கணவர் இப்போது ஊன்றுகோலோடு கேட் வரைக்கும் நடக்கிறார். சாயா, மகள் பெயர், என் பெயர் என்று சில வார்த்தைகள் வந்திருக்கின்றன. ஸ்தோத்திரம். ஆனால் வலது கைவிரல்கள் மடங்கினபடியேதான் இருக்கின்றன. போகாமல் விட்ட அந்த வாரங்களால்தானா என்று பயிற்சி தரும் பெண்ணிடம் கேட்டேன். அவள் அவர் கையை எடுத்துத் தடவத் தொடங்கினாள்.

அன்பானவர்களே, உங்களுக்கும் வழி தெரியாத ஒரு காரியம் இருக்கும். ஜெபியுங்கள். அவர் கேட்கிறவர், அதற்கு நான் சாட்சி. ஆனால் ஜெபித்துவிட்டு எழும்பும்போது பக்கத்தில் இருக்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். நான் கண்ணை மூடிக் கேட்ட பதில் ஒவ்வொரு பயணத்திலும் என் அருகிலேயே உட்கார்ந்து வந்தது. அதை நான் சும்மா இருக்கச் சொன்னேன்.

இப்போதும் வண்டியை எடுப்பதற்கு முன்னால் கால்மிதியைத் தொட்டுப் பார்ப்பேன். போன வாரம் அப்படித் தொட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்க மேல இப்பவும் வருத்தம் உண்டா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.

இந்த முறை நான் நம்பினேன். நம்பிக்கொண்டுதான் வண்டியை எடுத்தேன்.