அத்தை தலையில் காய்ந்த பசை

எங்கள் அத்தைக்குப் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு நின்றுவிடும். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி விட்ட இடத்திலிருந்து பேசுவாள். எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. "எங்க போயிட்டு வர்றீங்க அத்தை?" என்று கேட்பேன். "தெரியலயேடி" என்பாள். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அப்படிப் போய்விட்டு, படியிலிருந்து விழுந்தாள். அதற்குப் பிறகுதான் அப்பா தன் தங்கையை டாக்டரிடம் காட்டினார். தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தார்.

அந்த நாளில்தான் வம்பு. அன்று சாயங்காலம் கடலுக்கு அக்கரையில் இருக்கும் தாசேக் கெலுகோரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஆஸ்பத்திரி நாளை விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது. மாப்பிள்ளை வீட்டாரை இன்னொரு நாள் வரச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காலையில் இது, மாலையில் அது என்று அம்மா முடிவு செய்தாள். அத்தைக்கு ஏற்கெனவே சில இடங்கள் தட்டிப்போயிருந்தன. ஒயர் விஷயம் வெளியே தெரிந்தால் இந்த இடமும் போய்விடும், வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்கும் உத்தரவு. அக்கம்பக்கத்தில் கேட்டால் எனக்குப் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லிக்கொள்ள என்னையும் கூட்டிப் போனார்கள். என் பற்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

ஆஸ்பத்திரியில் எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். தலை பறக்க ஒரு பெண்ணை வெளியே கூட்டிப் போவது அம்மாவால் ஆகாத காரியம். கொஞ்சம்தானே என்று தேங்காயெண்ணெய் தடவி, வழித்துச் சீவிப் பின்னிவிட்டாள். ஒயர் ஒட்டும் மலாய்க்கார அக்கா பின்னலைத் தொட்டார், விரலை மோந்து பார்த்தார், "அலாமாக், எண்ணெய்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். எண்ணெய் இருந்தால் ஒயர் பிடிக்காதாம். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து வகிடு வகிடாகத் துடைத்தார்.

பிறகு நடந்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். டேப் வைத்து மண்டையை அளந்து சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்தார். ரவிக்கை தைக்கிறவர்கூட அவ்வளவு அளந்ததில்லை. புள்ளிக்குப் புள்ளி வெள்ளைப் பசையை அப்பி, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தகட்டை அழுத்தினார். ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு ஒயர். கரண்டு உள்ளே போகுமா என்று கேட்டேன். போகாது, தலைக்குள் இருக்கிற கரண்டைத்தான் மெஷின் எடுத்துக் காட்டும் என்றார். தலைக்குள் கரண்டு இருக்கிற சங்கதியை அதுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நான் விடாமல் கேட்டதைப் பார்த்து, ஒரு தகட்டை என் நெற்றியிலும் பசை வைத்து ஒட்டினார். ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

அத்தை படுத்துக்கொண்டாள். காகிதம் ஓட ஓட, மெஷினின் பேனாக்கள் வரிசையாக ஆடிக் கோடு போட்டன. அவள் கண் சிமிட்டினால் பேனாக்கள் துள்ளின. வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார்கள். விட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்தினாள். உடனே எல்லாப் பேனாக்களும் சேர்ந்து பெரிய பெரிய மலைகளாக வரையத் தொடங்கின. அத்தை எங்கோ போயிருந்தாள், போனது காகிதத்தில் தெரிந்தது! எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தலை முழுகியும் பசை முழுசாகப் போகவில்லை. முடியோடு காய்ந்து இறுகிவிட்டது. இன்னொரு தடவை அலசலாம் என்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள், ஃபெரி சீக்கிரமே கிடைத்துவிட்டதாம். அம்மா ஈரத்தலையை அள்ளி முடிந்து, மார்க்கெட் ஸ்திரீட்டில் வாங்கிய மல்லிகைச் சரத்தைப் பசை தெரியாமல் சுற்றினாள்.

அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, கொண்டுவந்த பூவை இப்போதே வைத்துவிடுகிறேன் என்றார். பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

"குடுங்க, நான் வச்சுவிடுறேன்," என்று அம்மா பாய்ந்தாள்.

"இருங்க லா, நான்தானே வைக்கணும்," என்று சிரித்துக்கொண்டே அவர் அத்தையின் கொண்டையில் கைவைத்தார். விரல் நின்றது.

"என்னம்மா இது, கட்டி கட்டியா?"

"பேன் மருந்துங்க," என்றாள் அம்மா. பெண் பார்க்கிற இடத்தில் அதைவிட மோசமான பொய் அகப்பட்டிருக்காது.

"பேன் மருந்து இல்ல ஆன்ட்டி," என்றாள் அத்தை. "காலைல ஆஸ்பத்திரில தலைல ஒயர் ஒட்டுனாங்க. எனக்கு அப்பப்ப நெனவு போயிரும். அந்தப் பசைதான்."

அப்பா காபித் தம்ளருக்குள் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா கையை எடுக்காமல், பசை இருந்த இடத்தை மெதுவாகத் தடவிவிட்டு, குனிந்து கேட்டார்.

"ரொம்ப வலிச்சிச்சாம்மா?"

பஸ்ஸிலிருந்து விழுந்தபோதுகூட அழாத அத்தை அதற்கு அழுதாள், தோள் குலுங்க அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. "பொய்! வலிக்கவே வலிக்காது, எனக்கும் ஒட்டுனாங்க!" என்று கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். அந்த அம்மாள் பசையிலிருந்து சற்றுத் தள்ளிப் பூவைச் செருகினார். அத்தை இன்னும் அதிகமாக அழுதாள். வலிக்காத ஒன்றுக்கு எதற்கு இத்தனை அழுகை என்று எனக்குக் கோபமே வந்தது. வலித்ததா என்று எங்கள் வீட்டில் அவளை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்பது எனக்கு அன்று தெரியவில்லை.