பால்வாடிக்கு வந்த சீர்

எங்கள் வீட்டில் சில வருடங்களாக ஒருவர் வாடகை கொடுக்காமல் குடியிருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் அவர், காபி குடித்தால் அவர். அவரை உள்ளே கூட்டிவந்தது என் மனைவியின் வாய்தான். பேரையூர் ரோட்டில் பருப்பு மில் வைத்திருக்கும் பெரிய மனிதர் அவர். என் மனைவி எங்கள் ஊர் பால்வாடியில் டீச்சர். நான் அதே ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். "மில்லு அண்ணே ஃபேன் மாட்டிக் குடுத்துட்டாக", "மில்லு அண்ணே செவரு பூரா பெயிண்ட் அடிச்சுக் குடுத்துட்டாக, கிளி, மயிலு, ரயிலு எல்லாம் வரைஞ்சு." தினமும் இதே கச்சேரி. எனக்குச் சோறு இறங்காது.

யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். மில்காரர் பேரன் பேத்தி எடுத்தவர். என் மனைவியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எனக்கு இருந்தது வேறு பொறாமை. அவரைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் ஒரு துள்ளல் வரும். அந்தத் துள்ளலோடு என்னைப் பற்றி அவள் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. வீட்டுக்கு கேட் செய்தேன், கிரில் செய்தேன், மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்ட் செய்தேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த 'தான்' என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மில்காரரின் ஃபேனுக்கு அந்தத் 'தான்' கிடையாது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆரம்பத்தில் மதுரை ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்தோம். ஒரு கட்டத்தில் அலைவதை நிறுத்திவிட்டோம். அதைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்திவிட்டோம். அவள் காலையில் பால்வாடிக்குப் போனால் அந்தப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, முட்டை உரித்துக் கொடுத்து, தூங்க வைத்துவிட்டு வருவாள். நான் வண்டியில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு அப்படியே திருப்பிவிடுவேன். "உள்ள வந்துட்டுப் போங்கண்ணே" என்று அங்கே சமைக்கிற ஆயா கூப்பிடுவார். பட்டறையில் வேலை கிடக்கிறது என்பேன். பிள்ளைகள் சத்தம் எனக்கு ஆகாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மில்காரர் ஃபேனோடு நிறுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, சுற்று வட்டாரத்துப் பால்வாடி டீச்சர்களை மதுரைக்குப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். போய்விட்டு வந்தவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

"புள்ளைகள கையப் புடிச்சு அ, ஆ எழுத வைக்கக் கூடாதாம்ங்க. மொதல்ல விரலு பலப்படணுமாம். மண்ணுல விளையாடணும், மாவு பிசையணும், ஏறணும், எறங்கணும், சறுக்கணும். அப்பத்தான் பின்னால பென்சில் புடிக்க வருமாம். இம்புட்டு நாளா இது தெரியாம இருந்திருக்கேன் பாருங்க!"

"இதச் சொல்றதுக்கு மதுரை வரைக்கும் போகணுமாக்கும்?" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு உடனே சந்தோஷமாகவும் அடுத்த நிமிடமே கேவலமாகவும் இருந்தது. அன்று சாயங்காலம் அவள் கூடத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டையையும் சோழியையும் பிள்ளைகள் பிரித்து விளையாடுவதற்காகக் கழுவிக் காயவைத்தாள். நான் டிவி பார்ப்பது மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அந்தப் பாட்டும் மில்காரர் கணக்கில்தானே போகும் என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வருடம் பால்வாடிக்குச் சீர் கொண்டுபோவது என்று ஊரில் முடிவானது. எங்கள் பக்கம் காதுகுத்து, சடங்கு என்றால் தாய்மாமன் மேளதாளத்தோடு தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவருவார். இப்போது பள்ளிக்கூடங்களுக்கும் அப்படி எடுக்கிறார்கள். ஊரும் கடைக்காரர்களும் சேர்ந்து பீரோ, பாய், தட்டு, விளையாட்டுச் சாமான் என்று வாங்கி, கோயிலிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கல்விச் சீர் என்று பெயர். எங்கள் சீருக்குத் தாய்மாமன் முறையில் முன்னால் நடக்கப்போவது யார் என்று நான் சொல்லவே தேவையில்லை.

பாத்திரக்கடைக்காரர் தட்டு, டம்ளர். மளிகைக்கடைக்காரர் பாய். மில்காரர் பீரோவும் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடக் குட்டி மேசைகளும். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். 'நீங்க என்ன தரப்போறீக?' என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என்னிடம் கேட்கத் தோன்றவே இல்லையே என்று பொருமினேன். சரி, கேட்காவிட்டால் போகிறது, கண்ணால் பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன். சறுக்கணும் என்று அவள் சொன்னது நினைவிருந்தது. பிள்ளைகள் ஏறிச் சறுக்க இரும்பில் ஒரு சறுக்கு செய்துவிடுவது.

பட்டறையில் வந்த வேலையையெல்லாம் ஒதுக்கினேன். நல்ல கனமான பைப்பாக எடுத்தேன். தகட்டை வளைத்து, ஓரம் மடித்து, கிரைண்டர் போட்டு, கையால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. பீரோ எவ்வளவு உயரம் என்று கடையில் விசாரித்துக்கொண்டு, சறுக்கின் உச்சி அதைவிட உயரமாக நிற்கும்படி ஏற்றினேன். ஊர்வலத்தில் எங்கிருந்து பார்த்தாலும் முதலில் என்னுடையதுதான் கண்ணில் பட வேண்டும். ஏணிப்படிகளையும் அந்த உயரத்துக்குத் தகுந்தமாதிரி நல்ல இடைவெளி விட்டு வைத்தேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பெயிண்ட் அடித்து, உச்சியில் தகடு வைத்து 'உபயம்' என்று எழுதி, கீழே என் பட்டறைப் பெயரைப் போட்டேன். அவளிடம் மூச்சு விடவில்லை.

சீர் அன்று கோயில் வாசலில் கூட்டமான கூட்டம். மேளம், குலவை, பெண்கள் கையில் தட்டுகள். மில்காரர் பட்டு வேட்டியில் தேங்காய் பழத் தட்டோடு முன்னால் நின்றார். என் சறுக்கு லோடு ஆட்டோவில் கடைசியாக வந்தது. இரண்டு இடத்தில் கேபிள் வயரைக் கம்பால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. "என்ன மாப்ள, கோபுரமா செஞ்சு வச்சிருக்க?" என்று மளிகைக்கடைக்காரர் கேட்டார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

பால்வாடி வாசலில் அவள் புதுச்சேலை கட்டி நின்றாள். பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஜோடி ஜோடியாக அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். சீர் வாங்குகிறவர்கள் அப்படித்தான் நிற்க வேண்டும். கொண்டுவந்தவர்கள் எதிரே நின்றோம். முதலில் சறுக்கை இறக்கி முற்றத்தில் நிறுத்தினார்கள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் கண் விரிந்தது. கையை வாயில் வைத்தாள்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் ஏணிக்குக் கீழே நின்றுவிட்டார்கள். முதல் படியே அவர்கள் நெஞ்சுக்கு இருந்தது. ஒருத்தி இரண்டு கையாலும் படியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. இன்னொருவன் அண்ணாந்து உச்சியைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தான். யாரோ சிரித்தார்கள். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். 

"யாரு செஞ்சதும்மா இது?" என்று மில்காரர் கேட்டார். அவருக்குத் தெரியாது, பாவம், நிஜமாகவேதான் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு செஞ்சதுண்ணே" என்றாள் அவள். அந்தத் துள்ளல் குரலில் இருந்தது. எத்தனை வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. வராமலே இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

அவள் நேராக என்னிடம் நடந்து வந்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"ஒரு நா உள்ள வந்து எம்புள்ளைகளப் பாத்திருந்தா அளவு தெரிஞ்சிருக்கும்ல?"

"அறுத்துக் குறைச்சிடுவேன். நாளைக்கே குறைச்சிடுவேன்" என்றேன். 

"அது கெடக்கு. இங்க என்ன பண்ணுறீக? சீர் கொண்டாந்தவுக கூட நிக்கிறீக?"

"நானும் கொண்டாந்தேன்ல."

"அது மாமன்மாரு நிக்கிற எடம். உங்க எடம் அங்கன இருக்கு. எல்லாரும் ஜோடியா நிக்கிறாக, நான் மட்டும் ஒத்தையா நிக்கணுமா? எம்புட்டு நேரமா ஒங்களையே தேடிக்கிட்டு இருக்கேன் தெரியுமா?"

மில்காரருக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் நடுவில் முண்டியடித்து நின்றுகொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெற்றவர்கள் வரிசையில், தன் பக்கத்தில் நிறுத்தினாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இவன் எதற்கு அங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. மேளம் மறுபடி ஆரம்பித்தது. மில்காரர் தட்டை நீட்டினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்கினோம். கூட்டத்துக்கும் சத்தத்துக்கும் பயந்துபோன ஒரு பிள்ளை எங்கிருந்தோ ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. தட்டைப் பிடித்தபடி குனிந்து பார்த்தேன். அதன் தலை என் இடுப்புக்குக்கூட வரவில்லை.