நட்சத்திரம் குடித்த பேட்டரி

டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்கு இரண்டே கவலைகள்தான். கேக் பொங்குமா, வண்டி கிளம்புமா. முதலாவதை ஓவனிடம் விட்டுவிடலாம். இரண்டாவதை யாரிடமும் விட முடியாது. தில்லிக் குளிரில் கார் பேட்டரி வயதான நோயாளி மாதிரி. பகலெல்லாம் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும், விடியற்காலையில் கூப்பிட்டால் பதில் வராது. நான் நர்ஸ். நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ஜனக்புரியில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே நிற்கிற செகண்ட் ஹேண்ட் கார் என் சம்பாத்தியத்தில் வாங்கியது. பனி விழத் தொடங்குமுன்பே பானெட்டைத் திறந்து, பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சோடா உப்பு கரைத்த வெந்நீரால் கழுவி, துடைத்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுவேன். கொத்தமல்லி வாங்க மார்க்கெட்டுக்கு வண்டி எடுக்கக் கூடாது. கிளப்புவதற்குச் செலவான கரண்ட் அந்தக் குட்டித் தூரத்தில் திரும்பி வராது. வாரம் ஒரு தடவையாவது நீளமாக ஓட்டிவிட்டு வர வேண்டும். சாவியைத் திருகுமுன் லைட், ஹீட்டர், பாட்டு எல்லாம் ஆஃப். கிளட்ச் முழுக்க உள்ளே. லைட்டர் துளையில் ஒரு சின்ன வோல்ட் மீட்டர் செருகி வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கிற அக்கறையோடு தன்னைப் பார்த்ததே இல்லை என்பது என் கணவரின் புகார். "பேட்டரிக்கு பி.பி. பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். போகட்டும். காலையில் காலனி வண்டிகள் ஒவ்வொன்றாக இருமிக்கொண்டிருக்கும்போது என் வண்டி ஒரே திருகில் கிளம்பும். அப்போது எனக்கு வருகிற தலைக்கனத்துக்கு அளவே கிடையாது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வண்டி கிளம்பியே ஆக வேண்டியிருந்தது. எங்கள் மகள் தில்லியிலேயே பிறந்தவள். பேசுகிற தமிழில் பாதி இந்தி, தமிழ் எழுத்தைக் கண்டால் ஓட்டம். அவளாகவே பாஸ்டரிடம் போய், விடியற்கால ஆராதனையில் முதல் வேதபாடத்தைத் தமிழில் நான் வாசிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றிலிருந்து முறுக்குப் பாக்கெட், அரிசிப் பை, பாட்டுப் புத்தகம் என்று எழுத்துக்கூட்டி வீட்டையே பள்ளிக்கூடம் ஆக்கினாள். அடுத்த வருடம் காலேஜ், ஹாஸ்டல். இந்த ஒரு காலைதான் அவளுக்கு. முதல் பாடம் ஆராதனை தொடங்கியதுமே வந்துவிடும். ஆள் இல்லையென்றால் முன் பெஞ்சிலிருந்து யாராவது எழுந்து வாசித்துவிடுவார்கள். யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள்.

முந்தின நாள் எனக்கு ஈவினிங் டியூட்டி. கணவர் பாடகர் குழுவோடு வீடு வீடாகக் கேரல் பாடப் போனார், என் வண்டியில். கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்தேன். டியூட்டி முடிந்து வந்ததும் நான் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டேன்.

விடிவதற்கு முன் கீழே இறங்கி வந்தால், மூடுபனிக்குள் என் காரின் தலையில் ஒரு நட்சத்திரம்! மூங்கில் குச்சியில் சிவப்புத் தாள் ஒட்டி, உள்ளே இண்டிகேட்டர் பல்பு வைத்து, வயரை நேராக என் பேட்டரியில் கவ்வவிட்டிருந்தார்கள். பல்பு தூங்கி வழிந்துகொண்டிருந்தது.

"ராத்திரி பூரா எரிஞ்சுதா?" என்று பின்னால் வந்த கணவரைக் கேட்டேன்.

"கிறிஸ்மஸ் ராத்திரி ஸ்டார அணைப்பாங்களாட்டி? எங்க வீட்ல அணைச்சதே கெடையாது."

"உங்க வீட்ல ஸ்டாரு லைன் கரண்ட்ல எரிஞ்சுது. இது என் பேட்டரி!"

அதற்குமேல் சண்டை போட நேரம் இல்லை. பாடிய வீடுகளிலும் பெட்ரோல் வீணாகுமென்று இஞ்சினை அணைத்திருக்கிறார், நட்சத்திரத்தை அணைக்கவில்லை. வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சாவியைத் திருகினேன். டிக், டிக், டிக். அவ்வளவுதான். இன்னொரு தடவை திருகினால் மிச்சமும் போய்விடும் என்று கையை எடுத்துவிட்டேன். டிக்கியில் ஜம்பர் கேபிள் இருந்தது. கரண்ட் கொடுக்க வேண்டிய பக்கத்து வீட்டு சர்தார்ஜி குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். மெட்ரோ ஓடத் தொடங்கவில்லை. போனில் பிடித்த டாக்ஸிக்காரர்கள் பனியைக் காட்டி ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மகள் முதன்முதலாகக் கட்டிய பட்டுச்சேலையில் நடுங்கியபடி, "மம்மி, குச் தோ கரோ, ஏதாவது பண்ணு" என்றாள். அழவில்லை. அதுதான் என்னைக் குத்தியது.

மீட்டரில் உயிர் இருந்தது. இஞ்சினைச் சுழற்றத்தான் தெம்பில்லை. சரி, நாம் சுழற்றுவோம்.

"தள்ளுங்க!"

கேட்டுக்காரர் கம்பளியைத் தோளில் சுருட்டிப்போட்டுக்கொண்டு ஓடி வந்தார். வேட்டியை மடித்துக்கட்டிய கணவர் ஒரு பக்கம், சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிய மகள் நடுவில். சாவி ஆன், செகண்ட் கியர், கிளட்ச் உள்ளே. வண்டி நகர்ந்தது, உருண்டது, ஓடியது. கிளட்ச்சை விட்டேன். ஒரு குலுக்கல், ஒரு இருமல், நின்றுவிட்டது. "பிர் ஸே!" என்று கேட்டுக்காரர் கத்தினார். மறுபடியும் தள்ளினார்கள். பூங்கா முனை வரை ஓடவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டேன். பிடித்துக்கொண்டது! "அல்லேலூயா!" என்று நான் போட்ட சத்தத்தில் இரண்டு பால்கனிகளில் லைட் எரிந்தது.

நிற்காமல் ஊர்ந்த வண்டியில் இருவரும் தாவி ஏறினார்கள். பனியில் முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போனேன். சிக்னலில் நின்றபோதும் இஞ்சின் அணைந்துவிடாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. பின் சீட்டில் அவள் வாய்க்குள் வாசித்துக்கொண்டே வந்தாள்.

சர்ச் வாசலை எட்டும்போது மணி அடித்து ஓய்ந்துவிட்டிருந்தது. வண்டி நிறுத்த ஓர் இஞ்ச் இடமில்லை.

"வண்டிய அமத்தினா அவ்வளவுதான். நீ ஓடு!"

"நீ வரலையாம்மா?"

"ஓடுன்னா ஓடு!"

கணவர் மட்டும் தயங்கினார். "நான் இருக்கேன், நீ போ."

"ஒங்கள விட்டா பாடகர் குழுவுல பேஸ் கொரல்ல பாட ஆளில்ல. என் பேட்டரிய இன்னொருக்க ஒங்ககிட்ட தர மாட்டேன். போங்க!"

சிரித்துக்கொண்டே ஓடினார். மற்ற வண்டிகளுக்கு வழியை மறித்துக்கொண்டு, இஞ்சின் ஓட, நான் மட்டும் தெருவில் இருந்தேன். உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வாசல் மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சன்னலை முழுக்க இறக்கினேன். பாட்டு முடிந்தது. ஒரு இருமல், தாள் புரட்டும் சத்தம். பிறகு அவள் குரல்.

தமிழ்! என் பிள்ளையின் வாயிலிருந்து, இந்தி கலக்காத, தடுமாறாத தமிழ். நடுவில் ஒரு நீளமான வார்த்தையின் பாதியில் குரல் நின்றது. ஒலிபெருக்கியில் ஒன்றுமே இல்லை. என் கால் தானாக ஆக்சிலரேட்டரை அழுத்தியது. இஞ்சின் தெருவே அதிர உறுமியது, பின்னால் நின்ற வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். நான் காலை எடுக்கவில்லை. அவள் அந்த வார்த்தையைப் பிடித்தாள், முடித்தாள், அடுத்த வரிக்குப் போனாள். கடைசி வரி வரைக்கும் நான் அழுத்திக்கொண்டேதான் இருந்தேன்.