இரண்டு கார்களுக்குக் கூரை தைத்த எங்கள் அம்மா

எங்கள் அம்மா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. தெமோதரைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். அப்பா இறந்தபோது எனக்கு மூன்று வயது. பகலில் கொழுந்து பறித்தும் மாலையில் துணி தைத்தும் என்னை வளர்த்தார்.

தோட்டத்தை நிர்வகித்த துரையிடம் இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஐரோப்பியக் கார் ஒன்று இருந்தது. அதற்குத் துணிக் கூரைதான். கதவுக்கு வெளிக் கைபிடி கிடையாது. கையை உள்ளே விட்டுக் கயிற்றை இழுக்க வேண்டும். பக்கக் கண்ணாடியும் கிடையாது, மழை வந்தால் பக்கத் திரைகளை மாட்டிக்கொள்ள வேண்டும். கூரை கிழிந்தபோது பழையதைப் பிரித்து அளவெடுத்து, மழைக்குத் தாங்கும் தடித்த படங்குத் துணியில் அம்மா புதிது தைத்துக் கொடுத்தார். திரைகள் ஓரத்தை மூடிக்கொண்டதால் வெட்டு சற்று முன்பின் இருந்தாலும் ஒழுகவில்லை.

அறுபதுகளின் கடைசியில் துரை அதே காரின் அடுத்த மாடலை வாங்கினார். அதில் கைபிடி இருந்தது. கதவுக்குள்ளிருந்து சுழற்றி ஏற்றும் கண்ணாடியும் இருந்தது.

"இதுக்கும் சொகுசு கேக்குது பாரு" என்று அம்மா கேலி செய்தார்.

சில வருடங்களில் அதன் கூரையும் இற்றுப்போனது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. துரை மறுபடியும் அம்மாவுக்கு ஆள் அனுப்பினார்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. தொழிலாளியாகப் பேர் பதிந்து என்னை மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பும்படி, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை நெருக்கிக்கொண்டிருந்தார். நானோ பதுளைக்குப் போய்ப் படிக்க ஆசைப்பட்டேன். துரை ஒரு சொல் சொன்னால் போதும். கூரையை முடித்ததும் கேட்டுவிடலாம் என்று அம்மா இருந்தார்.

கூரை மாட்டிய அன்று நல்ல வெயில். துரை சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒனக்கு என்ன வேணும், கேளு" என்றார். அம்மா கேட்டார்.

"சரி, படிக்கட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா மட்டும் கண்ணாடியை ஏற்றி, கூரையோரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"தொரை ஒருக்கா உள்ளுக்கு உக்காருங்க. தண்ணி ஊத்திப் பாப்போம்."

ஒரு வாளித் தண்ணீரில் துரையின் தோள் தொப்பலாக நனைந்தது. பழைய கார் பழக்கத்தில் அம்மா ஓரத்தைத் தளர்வாக வெட்டியிருந்தார். இந்தக் காரிலோ கூரை கண்ணாடியோடு இறுகப் பொருந்த வேண்டும். துரை நனைந்த சட்டையோடு பங்களாவுக்குள் போய்விட்டார். படிப்பு போயிற்றென்று அம்மா மேல் வந்த கோபத்தில் நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அம்மா மூன்று வாரம் பிரித்துப் பிரித்துத் தைத்தார். அடுத்த முறை துரையே வாளியோடு வந்தார். ஒரு சொட்டும் இறங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் கொடுத்தார். எண்பதுகளில் நான் ஆசிரியையானேன். அம்மா பண்டாரவளையில் என்னோடு வந்து இருந்தார்.

கடைசி நாட்களில் அம்மாவிடம், "அன்னைக்கு ஏம்மா தண்ணி ஊத்தச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பொறகு ஒரு நாள் மழையில அவரு நனைஞ்சா, குடுத்த வாக்கும் போயிரும். பாதிப் படிப்புல ஒன்னைய மலைக்குக் கூட்டிட்டுப் போக என்னால முடியாதும்மா."

நோயில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் மழையிலும் கூட வந்து சுமந்த தோட்டத்து மக்களுக்கும் எங்கள் நன்றி. அம்மா, அந்த இரண்டு நாள் கோபத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. எல்லோர் முன்னிலையிலும் இப்போது கேட்கிறேன்.