மண் கேட்காத செடி

வண்டா என்ற ஓர்கிட் பூச்செடியை, கடலோரத்து நாவற்குடாவில் ஐந்தாறு வருடம் உயிரோடு வைத்திருந்தவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. ஆனால் முதல் செடியைக் கொன்றவளும் நான்தான். கத்தரிக்கு வைப்பதுபோலச் சட்டி நிறையச் செம்மண்ணும் ஆட்டெருவும் போட்டு, வேரை ஆழப் புதைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஒரே மாதத்தில் அழுகிப்போனது.

அதைத் தந்தவர் பக்கத்து வீட்டில் இருந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கி அக்கா, தச்சரின் மனைவி. அவருடைய மாமரம் முழுக்க வண்டாக்கள்தான். சட்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“என்னகா இது, உயிரோட தாட்டுப்போட்டியே! இதுக்கு மண் வேணாம் புள்ள. காத்துத்தான் இதுக்குச் சோறு.”

திட்டிக்கொண்டே இன்னொரு கன்று தந்தார். தேங்காய்மட்டையில் சேர்த்துக் கட்டி, வேர்களை வெளியே தொங்கவிட்டு, காலை வெயில் படும் முருங்கைக் கிளையில் மாட்டச் சொன்னார். அப்படியே செய்தேன். மஞ்சளும் மண்ணிறமுமாகக் கட்டம் போட்ட இதழ்களோடு, நடு இதழ் மட்டும் ஊதாவாக, அது பூத்தபோது தெருவே மணந்தது. பார்க்க வந்தவர்களை, அதை வளர்க்கும் விதம் முழுதும் சொல்லாமல் நான் இலேசில் விடவில்லை.

பிறகு, சுனாமியன்று, கடல் ஊருக்குள் வந்தது. அக்காவும் தச்சரும் உயிர் தப்பினார்கள். கடல்பக்கம் இருந்த அவர்கள் வீடும் மாமரமும் போய்விட்டன. வாழைச்சேனையில் உறவினர் வளவுக்குப் போகுமுன் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “இனி நான் ஒண்டும் வளக்கமாட்டன்.” அவருடைய செடிகளில் மிச்சம் என் முருங்கையில் தொங்கிய ஒன்றுதான். அதுவும் உப்புத்தண்ணீரில் முழுதாக நனைந்திருந்தது. எப்படியாவது இதைக் காப்பாற்றி, இதில் ஒரு கன்றை அவர் கையில் கொடுத்தே தீருவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். கிணறெல்லாம் உவர். பவுசர் வண்டியில் வரும் தண்ணீரில் வீட்டுக்கு இரண்டு வாளிதான். என் காலைத் தேநீரை விட்டுவிட்டு, அந்தத் தண்ணீரை வேரில் தெளித்தேன்.

“குடிக்கவே தண்ணி இல்ல, நீ பூக்கண்டுக்கு வாக்கிறாய்!” என்றார் கணவர்.

“என்ர பங்கைத்தானே வாக்கிறன்” என்றேன்.

கறுத்த வேர்களை வெட்டி எறிந்தேன். இலைகள் உதிர்ந்து மூன்றே மிஞ்சின. பல வாரம் கழித்து ஒரு காலையில், தண்டின் ஓரத்தில் பச்சை நுனியோடு ஒரு புது வேர் எட்டிப்பார்த்தது. கணவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

அடியில் பக்கக் கன்று வர வருடங்கள் பிடித்தன. அதற்குச் சொந்தமாக மூன்று வேராவது விரல் நீளம் விட்டால்தான் பிரிக்கலாம். நாட்டில் சண்டை முடிந்த வருடம் மூன்றாவது வேர் நீண்டது. பிரித்தெடுத்துக்கொண்டு வாழைச்சேனைக்குப் பஸ் ஏறினேன். சோதனைச் சாவடியில் பையைத் திறந்த சிப்பாய் வேர்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “மண் எங்க?” என்று கொச்சைத் தமிழில் கேட்டான். பஸ் காத்திருக்க, அவனுக்கும் ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் ஏறினேன்.

அக்கா வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். செடியை நீட்டி, “உங்கட மாமரத்துக் கண்டுதான் அக்கா” என்றேன். அவர் கை நீட்டவில்லை.

பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, ஓர் இலையைப் புரட்டினார்.

“வெயிலைக் கூடக் காட்டிப்போட்டாய் புள்ள. இலை மஞ்சளிச்சுக் கிடக்கு.”

என் செடியை யாரும் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அக்கா செடியை வாங்கிக்கொண்டு, எனக்கு ஒரு தேத்தண்ணிகூட ஊற்றாமல், காலை வெயில் எந்த மரத்தில் விழும் என்று பார்க்க வளவின் பின்பக்கம் போனார்.